பூட்டில்லாத தபால் பெட்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமச் சாலைகளிலும் புறநகர்த் தெருக்களிலும், வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு மரக்கம்பத்தின் மேல் நிற்கும் தகரத் தபால் பெட்டி, அந்நாட்டில் வாழ்ந்து மூத்த தலைமுறையினரிடம் பல ஆண்டுகளின் நினைவுகளை ஒருசேர எழுப்பும் பொருளாகும். அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் வளைந்தும் அமைந்த அப்பெட்டியின் முன்கதவு இழுத்த மாத்திரத்தில் திறந்துகொள்ளும். அதற்குப் பூட்டு கிடையாது. பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கொடி மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். அனுப்ப வேண்டிய கடிதம் உள்ளே இருக்கும் நாட்களில் வீட்டார் அக்கொடியை நிமிர்த்தி வைப்பதும், அதைக் கண்டு வண்டியை நிறுத்தும் தபால்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொடியை இறக்கிவிட்டுச் செல்வதும் மூன்று நான்கு தலைமுறைகளாக எவரும் யோசிக்காமலே செய்துவந்த வழக்கமாகும். மின்கட்டணமோ வீட்டுக்கடன் தவணையோ செலுத்தும் காசோலை அவ்வாறு ஒரு பகல் முழுவதும் தெருவோரத்தில் காத்திருந்த காலத்தை முதியவர்கள் நினைவுகூரும்போது, அந்நினைவில் இனிமையோடு அச்சமும் இன்று கலந்துவிடுகிறது. கொடி நிமிர்ந்து நிற்பதைத் தபால்காரர் மட்டுமன்றித் திருடரும் காண்கிறார் என்ற அறிவு, சொந்த இழப்பின் வழியாகவோ அண்டை வீட்டாரின் இழப்பின் வழியாகவோ அவர்களை வந்தடைந்திருக்கிறது.

இப்பெட்டியின் வரலாறு ஒரு நூற்றாண்டைத் தாண்டியதாகும். கிராமப்புற வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கடிதம் கொண்டுசேர்க்கும் திட்டம் 1896ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது, உழவர்கள் பன்றிக்கொழுப்பு வாங்கிய வாளிகளையும் பாகு தீர்ந்த தகர டப்பாக்களையும் வேலிக்கம்பங்களில் மாட்டி அவற்றையே தபால் பெட்டிகளாகப் பயன்படுத்தினர். மழையும் தூசியும் புகும் இவ்வாளிகளுக்கு மாற்றாக, அஞ்சல் துறைப் பொறியாளர் ராய் ஜோரல்மன் 1915ஆம் ஆண்டு வடிவமைத்த வளைந்த பெட்டியே இன்றளவும் நாடெங்கும் நிற்பதாகும். நகரங்களில் வழக்கம் வேறாக இருந்தது. 1863ஆம் ஆண்டு முதல் நகரத் தபால்காரர்கள் கதவைத் தட்டி, வீட்டார் வரும்வரை நின்று, கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டே அகன்றனர். இக்காத்திருப்பில் பணிநேரத்தின் கணிசமான பகுதி கழிந்ததால், 1923ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீடும் பெட்டியோ கதவில் துளையோ வைத்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கைக்குக் கை மாறிய கடிதம் அதன்பின் ஆளில்லாத பெட்டியில் ஓய்வெடுக்கத் தொடங்கியது என்பதும், அந்த ஓய்வு நேரமே பின்னாளைய திருட்டுக்கு இடமளித்தது என்பதும் இங்குக் கருதத்தக்கன.

ஆயினும் பெட்டியை நம்பி வாழ்ந்தவர்களின் நினைவில் முதலில் நிற்பது திருட்டன்று, சமையலறை மேசையாகும். மாதத்தில் ஒரு மாலை, இரவுணவுத் தட்டுகள் அகற்றப்பட்ட பின், அம்மேசை குடும்பத்தின் கணக்கலுவலகமாக மாறும். ஒருபுறம் மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, பல் மருத்துவர் எனக் கட்டணச் சீட்டுகள் அடுக்கப்பட்டிருக்க, மறுபுறம் காசோலைப் புத்தகமும், எழுதிய ஒவ்வொரு காசோலையின் எண், தேதி, பெறுநர், எஞ்சிய இருப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சிறு பதிவேடும் திறந்திருக்கும். தொகையை எண்ணால் எழுதி, பின்னர் எழுத்தால் எழுதி, எழுத்து முடிந்த இடத்திலிருந்து வரியின் கடைசிவரை ஒரு கோடு இழுப்பது அக்காலத்துப் பெற்றோர் தவறாமல் கடைப்பிடித்த முறையாகும். வெற்றிடம் விட்டால் எவரேனும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைப் பெருக்கிவிடக்கூடும் என்ற விளக்கத்தைப் பிள்ளைகள் அம்மேசையருகே நின்று கேட்டனர். உறைகளின் மேல் தபால்தலையை ஈரப்படுத்தி ஒட்டும் வேலை பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. மறுநாள் காலையில் பள்ளிப் பேருந்துக்குச் செல்லும் வழியில் உறைகளைப் பெட்டியில் வைத்துக் கொடியை நிமிர்த்துவதும் அவர்கள் பொறுப்பே. கடனைக் காலத்தில் செலுத்தும் ஒழுக்கம் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது இத்தகைய மாலைகளில்தான்.

பெட்டியிலிருந்து வெளியேறிய காசோலைகளைப் போலவே அதற்குள் வந்துசேர்ந்த காசோலைகளும் குடும்ப நினைவில் இடம்பெற்றன. தொழிலாளரும் முதலாளியரும் செலுத்தும் வரியிலிருந்து முதியோருக்கு மாதந்தோறும் தொகை வழங்கும் ஏற்பாடு சமூகப் பாதுகாப்புத் திட்டம் எனப்படும். அத்திட்டத்தின் முதல் மாதக் காசோலை 1940ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதியிட்டு, வெர்மான்ட் மாநிலத்தின் லட்லோ ஊரைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற ஓய்வுபெற்ற பெண்மணிக்கு வழங்கப்பட்டது. தொகை 22 டாலர் 54 சென்ட். பிற்காலத்தில் கோடிக்கணக்கான முதியவர்களுக்கு இக்காசோலை ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதியையொட்டி வந்துசேர்ந்ததால், அந்நாள் தெருக்களில் ஒரு திருநாளின் சாயலைப் பெற்றது. காலையிலிருந்தே முதியவர்கள் வாசலில் காத்திருந்தனர். தபால்காரரின் வருகையை மாடிச் சன்னலிலிருந்து கண்டவர் கீழ்வீட்டாருக்குக் குரல் கொடுத்தார். நடக்கவியலாதவரின் காசோலையை அண்டை வீட்டுப் பெண்மணி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அரசுக் காசோலையின் உறையை வெளித்தோற்றத்திலேயே எவரும் அடையாளம் காண முடிந்ததால், திருடர்களும் அந்நாளுக்காகக் காத்திருந்தனர் என்பது அதே நினைவின் மறுபக்கமாகும். பெருநகரங்களின் வாடகைக் குடியிருப்புகளில் நுழைவுக்கூடச் சுவரில் வரிசையாகப் பதித்திருந்த சிறு பெட்டிகள் நெம்பித் திறக்கப்பட்டன. தொகையைப் பறிகொடுத்த முதியவர் அம்மாத வாடகைக்கும் மருந்துக்கும் பிறரை அண்டியிருக்க நேர்ந்தது. 1970களின் நடுவில் அரசு தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் சேர்க்கும் முறையைத் தொடங்கியதற்குத் திருட்டும் ஒரு காரணமாகும். 1997ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பயன்பெறுவோருக்குப் பிறந்த தேதியின் அடிப்படையில் மாதத்தின் வெவ்வேறு புதன்கிழமைகளில் தொகை வழங்கப்படத் தொடங்கியதும், 3ஆம் தேதியின் பழைய பரபரப்பு படிப்படியாக அடங்கியது.

பூட்டில்லாத பெட்டி அக்காலத்தில் எவ்வாறு பெருமளவு பாதுகாப்பாக இருந்தது என்ற வினாவுக்கு மூத்தோரின் நினைவுகளே விடை தருகின்றன. பெட்டியைச் சுற்றி ஆட்கள் இருந்தனர். ஒரே தெருவில் பல ஆண்டுகள் பணியாற்றிய தபால்காரர், எந்த வீட்டில் எவர் தனியாக வாழ்கிறார், எவர் ஊருக்குப் போயிருக்கிறார், எவருடைய மகன் படையில் இருக்கிறார் என்பவற்றையெல்லாம் அறிந்திருந்தார். முதியவர் ஒருவரின் பெட்டியில் கடிதங்கள் எடுக்கப்படாமல் சேர்ந்துகிடந்தால் அதைக் கவனித்து உதவிக்கு ஆளனுப்பும் பழக்கம், 1982ஆம் ஆண்டு அஞ்சல் துறையும் தபால்காரர் சங்கமும் இணைந்து நடத்திய 'கேரியர் அலர்ட்' என்ற முறையான திட்டமாகவே ஆயிற்று. பகலில் வீட்டிலிருந்த பெண்களும் திண்ணை போன்ற முன்முகப்பில் அமர்ந்திருந்த முதியவர்களும் தெருவில் புதியவர் நடமாட்டத்தைக் கவனித்தனர். பெட்டிக்கு இல்லாத பூட்டாக விளங்கியவை அந்தக் கண்களே ஆகும். அத்துடன் சட்டமும் துணைநின்றது. பெட்டியை வாங்கி நட்டவர் வீட்டுக்காரரேயாயினும் அதிலுள்ள கடிதத்தைக் களவாடுவது கூட்டாட்சிக் குற்றமாகும், அதாவது நாடு முழுமைக்கும் பொதுவான சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும் என்பதைச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

கடிதத்துக்குத் தபால்காரர் காவலாக இருந்ததைப் போலவே காசோலைக்கு வங்கி எழுத்தர் காவலாக இருந்தார். கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளர் கையொப்பமிட்டுக் கொடுத்த அட்டை கிளையின் இழுப்பறையில் இருந்தது. ஐயம் எழுந்தபோது எழுத்தர் அதை எடுத்துக் காசோலைக் கையொப்பத்தோடு ஒப்பிட்டார். தொகை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். இக்கடமைக்கு நெடிய சட்ட மரபும் உண்டு. இங்கிலாந்தில் 1762ஆம் ஆண்டு 'பிரைஸ் எதிர் நீல்' என்ற வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு, கள்ளக் கையொப்பமிட்ட உண்டியலுக்குப் பணம் கொடுத்துவிட்டவர் அதனை நல்லெண்ணத்தோடு வாங்கி வந்தவரிடமிருந்து திரும்பக் கேட்க முடியாது என்று வரையறுத்தது. உண்டியல் என்பது ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கொடுக்கும்படி எழுதும் ஆணைச்சீட்டு. அத்தீர்ப்பின் வழிவந்த கொள்கையின்படி, தன் வாடிக்கையாளரின் கையெழுத்தை அறிந்திருக்க வேண்டியது வங்கியின் பொறுப்பாகும். மாத இறுதியில் வங்கி அனுப்பிய தடித்த உறையில், பணம் வழங்கி முத்திரையிடப்பட்ட காசோலைகள் அனைத்தும் திரும்பிவந்தன. குடும்பத் தலைவர் அவற்றை எண் வாரியாக அடுக்கிப் பதிவேட்டுடன் ஒத்துப்பார்த்து, ரப்பர் வளையமிட்டுக் காலணிப் பெட்டியில் சேமித்தார். தான் எழுதிய தாள் எவரெவர் கைகளைக் கடந்து வந்தது என்பதை அதன் பின்புறத்து முத்திரைகளிலிருந்தே அவர் படித்தறிந்தார்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதித் தாக்குதலுக்குப் பின் விமானங்கள் சில நாட்கள் பறக்காதிருந்தபோது, ஊருக்கு ஊர் விமானத்தில் சென்றுகொண்டிருந்த காசோலை மூட்டைகள் தேங்கிநின்றன. இவ்வனுபவத்தைத் தொடர்ந்து, தாளை அனுப்பாமல் அதன் படத்தைக் கொண்டே பணம் வழங்க வழிசெய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பணம் விரைவாக நகர்ந்தது என்பது உண்மையே. அதே வேளையில், தாளைத் தடவிப் பார்க்கும் விரலும் மையின் நிறமாற்றத்தைக் காணும் கண்ணும் அகன்றன. காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிட்ட வங்கி எண்ணையும் கணக்கு எண்ணையும் இயந்திரம் படித்தால் போதும் என்றாயிற்று; கையொப்பத்தை மனிதர் பார்ப்பது அரிதாயிற்று. காலணிப் பெட்டிச் சேமிப்பும் அத்துடன் முடிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா சென்ற குடும்பங்களுக்கு இப்பெட்டி வேறொரு நினைவையும் தொட்டது. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் பெயர் சொல்லி அழைத்து, நோட்டுகளை எண்ணிக் கையில் கொடுத்து, கையெழுத்தோ சாட்சியுடன் கைநாட்டோ பெற்று, படிவத்தின் அடித்துண்டில் மகன் எழுதியிருந்த இரண்டு வரிச் செய்தியைப் பாட்டிக்குப் படித்தும் காட்டிய ஊர்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். பணமும் காசோலையும் ஆளறியாமல் தெருவோரப் பெட்டியில் கிடப்பதைக் கண்டு முதலில் வியந்த அவர்கள், சில ஆண்டுகளில் அதே பெட்டியின் கொடியை நிமிர்த்தப் பழகினர். கோயில் நன்கொடையும் பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்புக் கட்டணமும் அப்பெட்டி வழியே சென்றன. ஊரிலிருந்து வந்து தங்கிய பெற்றோர், கதவில்லாத வீட்டில் நகையை வைப்பார்களா என்று கேட்டபோது, இந்நாட்டில் தபாலை எவரும் தொடமாட்டார்கள் என்று பிள்ளைகள் பெருமையோடு விடையளித்தனர். அவ்விடை அன்றைக்குப் பெரும்பாலும் பொருந்தியது. இன்று அப்பெற்றோரின் கேள்வியே பொருத்தமாகிவிட்டது.

இக்காலத் திருட்டின் செய்முறை எளிமையானது என்பதே அதன் கொடுமையாகும். கொடி நிமிர்ந்த பெட்டிகளைத் தேடி விடியற்காலையில் காரில் செல்வது ஒரு முறை. தெருமுனையிலுள்ள அஞ்சல் துறையின் நீலப் பெட்டிக்குள், எலி பிடிக்கும் பசை தடவிய பொருளை நூலில் கட்டி இறக்கி, ஒட்டிக்கொள்ளும் உறைகளை மேலே இழுப்பது மற்றொன்று. மூன்றாவது முறை தபால்காரர்களையே ஆபத்துக்குள்ளாக்கியது: ஒரு வட்டாரத்தின் நீலப் பெட்டிகளையும் குடியிருப்புப் பெட்டித் தொகுதிகளையும் திறக்கவல்ல பொதுச்சாவி 'ஆரோ சாவி' எனப்படும், அதனைப் பறிப்பதற்காகத் துப்பாக்கி முனையில் தபால்காரர்கள் மிரட்டப்பட்டனர். கைக்குக் கிடைத்த காசோலையை 'கழுவுதல்' என்பது அடுத்த நிலை. கையொப்பத்தின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்துவிட்டு, நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோன் போன்ற கரைப்பானில் தாளை ஊறவைத்தால், சாதாரண பந்துமுனைப் பேனாவின் சாய மை மெல்லக் கரைந்து வெளியேறும். அச்சிட்ட கோடுகளும் மறைத்த கையொப்பமும் எஞ்சிநிற்கும். உலர்த்திய தாளில் புதிய பெயரும் புதிய தொகையும் எழுதப்படும். நூறு டாலருக்குக் குறைவான எரிவாயுக் கட்டணம் பல்லாயிரம் டாலராக உருமாறும். பெற்றோர் வெற்றிடத்தில் கவனமாக இழுத்த கோடும் அக்கரைப்பானில் கரைந்துபோகிறது. நிறமித் துகள்கள் தாளின் இழைகளுக்குள் பதியும் ஜெல் பேனா இதற்கு ஓரளவு தடையாக இருப்பதால், வங்கிகளும் அஞ்சல் துறையினரும் இன்று அதைப் பரிந்துரைக்கின்றனர்.

காசோலை எழுதுவோர் குறைந்துவரும் காலத்தில் காசோலைத் திருட்டு பெருகியது என்பது வியப்புக்குரிய உண்மையாகும். 2000ஆம் ஆண்டையொட்டி ஆண்டுக்கு நாலாயிரம் கோடிக்கும் மேலாக இருந்த காசோலைகளின் எண்ணிக்கை, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,100 கோடியாகச் சுருங்கிவிட்டது. ஆனால், ஐயத்திற்குரிய பரிவர்த்தனைகள் குறித்து வங்கிகள் அரசுக்கு அளிக்கும் அறிக்கைகளில் காசோலை மோசடி தொடர்பானவை 2021ஆம் ஆண்டில் 3,50,000-க்கும் மேலாக இருந்து, 2022ஆம் ஆண்டில் 6,80,000-ஐத் தாண்டின. கருவூலத்துறையின் நிதிக்குற்றப் பிரிவான ஃபின்சென் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்த பின்னர், தபால் திருட்டோடு தொடர்புடைய 15,417 அறிக்கைகள் ஆறு மாதங்களில் வந்தன. அவற்றில் குறிக்கப்பட்ட தொகை 68 கோடி டாலருக்கும் அதிகமாகும். அவ்வறிக்கைகளில் 44 விழுக்காட்டில் காசோலை திருத்தப்பட்டு வங்கியில் போடப்பட்டிருந்தது. 26 விழுக்காட்டில் அது போலிக் காசோலைகள் அச்சிட மாதிரியாகப் பயன்பட்டிருந்தது. 20 விழுக்காட்டில் அது கள்ளக் கையொப்பமிட்டு வங்கியில் போடப்பட்டிருந்தது. திருடிய காசோலைகள் டெலிகிராம் போன்ற செயலிகளில் படம் பிடித்து விலைபேசப்படுவதால், ஒரு தெருவில் களவுபோன தாள் வேறொரு மாநிலத்தில் அதற்குமுன் அறிமுகமில்லாத ஒருவரால் பணமாக்கப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசின் உதவித்தொகைக் காசோலைகள் ஏராளமாகத் தபாலில் சென்றதும் இத்தொழிலுக்கு உரமாயிற்று.

பறிகொடுத்தவர் தம் இழப்பை அறியும் விதமும் மாறிவிட்டது. முன்னாளில் வரவேண்டிய காசோலை வராததால் அன்றே தெரிந்தது. இன்றோ பணம் சென்று சில வாரங்கள் கழித்து, சொத்துவரி செலுத்தப்படவில்லை என்ற அபராதக் கடிதமோ, கணக்கில் இருப்பில்லை என்ற செய்தியோ முதல் தகவலாக வருகிறது. காசோலைக்குப் பணம் வழங்கப்பட்டிருப்பதை வங்கிப் பதிவு காட்டுவதால், தாம் செலுத்திவிட்டதாகவே அதுவரை அவர் நம்பியிருப்பார். படத்தைத் திறந்து பார்க்கும்போது தம் கையொப்பத்துக்கு மேல் தாம் ஒருபோதும் கேள்விப்படாத ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறார். பணம் போனதைவிட அந்தக் காட்சியே தங்களை நிலைகுலையச் செய்தது என்று பலர் கூறுவர். கையெழுத்து தம்முடையதாகவே இருக்க, அது உறுதியளிக்கும் செயல் பிறருடையதாகிவிட்டது என்பதே அதிர்ச்சிக்குக் காரணம்.

அதன்பின் தொடங்கும் அலைச்சலைச் சொல்லி மாளாது. பழைய கணக்கை மூடிப் புதிய கணக்கைத் திறக்க வேண்டும். ஓய்வூதியம் வந்துசேரும் ஏற்பாட்டையும் தானாகக் கழியும் ஒவ்வொரு கட்டணத்தையும் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். காவல் நிலையத்திலும் அஞ்சல் ஆய்வுத் துறையிலும் புகார் பதிய வேண்டும். கையொப்பம் இட்டது தாமே, பெயரை எழுதியது தாமல்ல என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். இதற்கிடையே எழுதியிருந்த வேறு காசோலைகள் பணமின்றித் திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் அபராதம் விழும். மின்னணுப் பரிமாற்றத்தில் நேர்ந்த மோசடியைப் பத்து வேலைநாட்களுக்குள் விசாரித்து முடிக்கவியலாத வங்கி, தற்காலிகமாகத் தொகையைக் கணக்கில் வரவுவைக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி கூறுகிறது; தாள் காசோலைக்கு அத்தகைய கெடு இல்லை. மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பின்படி, திருத்தப்பட்ட காசோலையின் இழப்பைப் பெரும்பாலும் அதனை முதலில் வாங்கிப்போட்ட வங்கியும், போலியாக அச்சிட்ட காசோலையின் இழப்பைப் பணம் வழங்கிய வங்கியும் ஏற்கவேண்டும். இது திருத்தமா போலியா என்று இரு வங்கிகளும் வாதிடும் மாதங்களில் காத்திருப்பவர் வாடிக்கையாளரே. ஓராண்டுக்குள் புகாரளிக்காவிடில் உரிமை அற்றுப்போகும். பல வங்கிகள் தம் ஒப்பந்தங்களில் இக்காலத்தை முப்பது நாள் அளவுக்குக்கூடக் குறைத்துவைத்துள்ளன.

முதியவர்களிடம் இவ்விழப்பு ஏற்படுத்தும் காயம் கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை. அரை நூற்றாண்டாக ஒரு கட்டணமும் தவறாமல் செலுத்திவந்த ஒரு மூதாட்டி வங்கி முகப்பில் நிற்கும்போது, தமக்குப் பேத்தி வயதுள்ள எழுத்தர் கேட்கும் முதல் கேள்வி, காசோலையை வேறு எவரிடமேனும் கொடுத்தீர்களா என்பதாக இருக்கிறது. வழக்கமான அக்கேள்வியில் தீய எண்ணம் ஏதுமில்லை. எனினும் அது அவரைக் குற்றம் சாட்டப்பட்டவரின் இடத்தில் நிறுத்துகிறது. கைப்பையிலிருந்து அவர் எடுத்து விரிக்கும் பதிவேட்டில், ஒவ்வொரு வரியும் அவருடைய நேர்த்தியான சாய்வெழுத்தில் நிரம்பியிருக்கிறது. அதனை வாங்கிப் பார்க்கும் வழக்கம் இப்போது அங்கில்லை. வீட்டிலோ பிள்ளைகள், இனிமேல் கணக்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அன்போடு சொல்கின்றனர். அவ்வன்புக்கு இணங்கும்போது அவர் பிறர் தயவின்றி வாழ்ந்த வாழ்வின் ஒரு பகுதியைக் கைவிடுகிறார். இக்காரணத்தாலேயே நடந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்துவிடும் முதியவர்களும் உண்டு. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருபது டாலர் காசோலை வைத்து அனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் இத்தகைய ஒரு நிகழ்வுடன் நின்றுபோயிற்று. அட்டை வந்ததா என்று கேட்கத் தயங்கிய பாட்டியும், பாட்டி மறந்துவிட்டார் என்று எண்ணிய பேரனுமாக இரு மனங்களில் ஒரு திருட்டு தங்கிவிடுகிறது. தேவாலயத்துக்கு அனுப்பிய காணிக்கையும், கூரை வேய்ந்த தொழிலாளிக்கு அனுப்பிய கூலியும் இவ்வாறே இடைவழியில் மறைந்தபோது, கொடுத்தவர் பொய்யுரைக்கிறாரோ என்ற ஐயம் நல்லுறவுகளுக்கிடையே நுழைந்தது.

தடுப்பு முயற்சிகள் இல்லாமலில்லை. நியூயார்க்கில் தொடங்கி நீலப் பெட்டிகளின் இழுகதவுகள் நீக்கப்பட்டு, உறை மட்டும் நுழையும் ஒடுங்கிய வாய்கள் பொருத்தப்பட்டன. அஞ்சல் துறை 2023ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் ஆரோ பூட்டுகளுக்கு மாற்றாக மின்னணுப் பூட்டுகள் வருகின்றன. அன்று வரவிருக்கும் உறைகளின் படத்தைக் காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பும் சேவை 2017ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைபெறுகிறது. மாலைக்குப் பின் பெட்டியில் எதையும் விடாதிருத்தல், காசோலையை அஞ்சலகத்தின் உள்ளே சென்று சேர்த்தல், பூட்டுள்ள பெட்டிக்கு மாறுதல் ஆகியன இன்று வீடுதோறும் சொல்லப்படும் அறிவுரைகளாகும். கூட்டாட்சி அரசு தான் வழங்கும் தாள் காசோலைகளை 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதியுடன் பெரும்பாலும் நிறுத்த ஆணையிட்டது; அரசுக் காசோலை தொலைந்ததாகவோ களவுபோனதாகவோ திருத்தப்பட்டதாகவோ புகாராகும் வாய்ப்பு மின்னணுப் பரிமாற்றத்தைவிடப் பதினாறு மடங்கு அதிகம் என்பதை அந்த ஆணை எடுத்துக்காட்டியது. கணினியும் திறன்பேசியும் பழகியவர்களுக்கு இது விடுதலையே. கைநடுக்கத்தோடும் மங்கிய பார்வையோடும் வாழ்பவர்களுக்கும், வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகளுக்கும் தாளே தாங்கள் நம்பிக் கையாண்ட ஒரே கருவியாக இருந்ததால், பழகிய வழி மூடப்படுவதாகவே அவர்கள் இதனை உணர்கின்றனர்.

இந்நினைவுகளைத் தொகுத்து நோக்கும்போது, பூட்டில்லாத பெட்டியை நம்பியவர்கள் ஏமாளிகள் என்ற எண்ணம் நிலைக்காது. தெருவையறிந்த தபால்காரர், கையெழுத்தையறிந்த எழுத்தர், திரும்பிவந்த தாள் ஆகிய காவல்கள் இருந்தவரை அவர்களுடைய நம்பிக்கை அறிவுடையதாகவே இருந்தது. வேகத்தையும் சிக்கனத்தையும் நாடி அக்காவல்களை ஒவ்வொன்றாக விலக்கியவை நிறுவனங்களே. அதனால் விளைந்த மிச்சத்தைப் பெற்றவையும் அவையே. ஆகவே எச்சரிக்கையாக இருக்கும்படி முதியவர்களுக்கு அறிவுரை வழங்குவதோடு அவற்றின் கடமை முடிந்துவிடாது. மின்னணு மோசடிக்கு விதித்துள்ளதைப் போன்ற ஒரு கெடுவைத் தாள் காசோலைக்கும் விதித்து, பறிகொடுத்தவரின் கணக்கில் முதலில் பணத்தைச் சேர்த்துவிட்டு, இழப்பு எவருடையது என்ற வழக்கை வங்கிகள் தங்களுக்குள் பின்னர் தீர்த்துக்கொள்வதே முறையாகும். கையெழுத்தை அறிந்திருக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு என்று 1762ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்ட நியாயத்துக்கு அது புதியதோர் உரிமையைச் சேர்ப்பதாகாது. தன் கடனைத் தவறாமல் செலுத்தியவருக்கு அவருடைய பணத்தையும் மதிப்பையும் காலந்தாழ்த்தாமல் திருப்பித் தருவதாகவே அமையும்.